டேட்டா வேண்டாம், மாப்பிள்ளை

பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர் வரும் நம் ஊர்ப் பெற்றோருக்கு, விமானம் தரையைத் தொட்டதும் எழுகிற முதல் கேள்வி பெட்டியைப் பற்றியது அல்ல, ‘வாட்ஸ்அப் வருமா?’ என்பதுதான். வரும். இந்திய எண்ணே இருக்கட்டும், சிங்கப்பூரில் மொபைல் டேட்டா என்று எதையும் வாங்க வேண்டாம், அப்போதும் வரும். மகளின் பிரசவத்துக்காக வந்து பொங்கோலில் தங்கியிருக்கும் நான் அப்படித்தான் காலத்தை ஓட்டுகிறேன். மாப்பிள்ளைக்கு இதில் துளியும் சம்மதமில்லை. “அத்தை, டேட்டா இங்கே அப்படி ஒன்றும் விலை இல்லை. நானே போட்டுத் தருகிறேன்” என்று வாரம் தவறாமல் சொல்லிப் பார்க்கிறார். விலைக்காக நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து பழகிய உடம்பு இது. ஓய்வு பெற்ற பிறகும் கைப்பைக்குள் ஒரு மணியைப் போட்டுக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை.

அதனால் வீட்டில் இருக்கும்போது வீட்டு வைஃபை, வெளியே போனால் ஆங்காங்கே கிடைக்கும் பொது வைஃபை, நடுவில் ஒன்றும் இல்லை. இப்படி இருக்க விரும்புகிறவர்களும், வேறு வழியில்லாமல் இருக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றில் பாதியை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப்புக்கு உங்கள் எண் தேவைப்படுவது பதிவு செய்யும்போதுதான். ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியாகவோ அழைப்பாகவோ வந்து சரிபார்ப்பு முடிந்துவிட்டால், அதன்பின் இணையம் எந்த வழியாக வந்தாலும் அதற்குப் போதும்.  சிக்கல் எங்கே வரும் என்றால், மறுபடியும் பதிவு செய்ய நேரும்போது. எங்கள் புளோக்கில் திருச்சியிலிருந்து வந்திருக்கும் அம்மாள் ஒருவருக்கு, வந்து இறங்கியதும் மகன் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்து அசத்திவிட்டார். பழைய சிம்மோ ஊரில் பீரோவுக்குள். புதுக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறக்க எண் கேட்டது. அந்த எண் போய் விழ வேண்டிய சிம் பீரோவில் உறங்குகிறது. கடைசியில் ஊரில் இருக்கும் அவர் கணவர் அந்தச் சிம்மைத் தேடி எடுத்து, ஒரு கைப்பேசியில் போட்டு, வந்த எண்ணைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று நாளெல்லாம் எச்சரிக்கிறார்களே, அதே எண். மனிதர் மகனின் குரலை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்த பிறகுதான் சொன்னாராம். அந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்தது.

ஆகவே புதுக் கைப்பேசி என்றால் ஊரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பயணத்தின்போது வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி நிறுவும் வேலையே வேண்டாம். இருபடிச் சரிபார்ப்பு என்று செட்டிங்ஸில் ஒன்று இருக்கிறது. அதில் ஆறு இலக்க பின் எண் ஒன்றை வைத்து, மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பின் எண்ணை மறக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு. உரையாடல்களைக் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேமித்துவைக்கும் வேலையை வீட்டு வைஃபையிலேயே முடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

இந்தியச் சிம்மைக் கழற்ற வேண்டாம் என்பேன். வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்காகவாவது அது உள்ளே இருக்கட்டும். ஆனால் அதில் இரண்டு பொத்தான்களை அணைக்க வேண்டும். ஒன்று மொபைல் டேட்டா. மற்றொன்று டேட்டா ரோமிங். பலர் முதலாவதை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஏதோ ஒரு நாள் கை தவறி அது திறந்துகொண்டால், ரோமிங் கட்டணம் சத்தமில்லாமல் ஏறும். இரண்டையும் அணைத்தால் பூட்டுக்கு மேல் பூட்டு. வெளிநாட்டில் இருக்கும்போது வரும் குறுஞ்செய்திக்கும் அழைப்புக்கும் உங்கள் நிறுவனம் என்ன வாங்குகிறது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். ரீசார்ஜ் தேதியை ஊரில் இருக்கும் யாரிடமாவது ஒப்படையுங்கள். நீண்ட நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் முடக்கிவிட்டு, பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்போது போவது எண் மட்டுமல்ல, அதன்மேல் ஏறி நிற்கிற வாட்ஸ்அப்பும்தான்.

கைப்பேசியில் இரண்டு சிம் போட இடம் இருந்தால், இங்கே ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்ளலாம். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் வாங்க வேண்டும். ஒருவர் பெயரில் மூன்றுக்கு மேல் தரமாட்டார்கள். எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, பேசவும் குறுஞ்செய்திக்கும் மட்டும். தொகுப்பு எதுவும் வாங்காமல் டேட்டாவைத் திறந்துவைத்தால், இருக்கிற தொகையிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். அதனால் இந்தச் சிம்மிலும் டேட்டாவை அணைத்தே வைத்திருக்கிறேன். புதுச் சிம் போட்டதும் ‘எண்ணை மாற்றிவிட்டீர்களா?’ என்பதுபோல வாட்ஸ்அப் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுங்கள். இந்திய எண்ணிலேயே கணக்கு இருக்கட்டும். ஆமாம் என்று அழுத்தி எண்ணை மாற்றிவிட்டு, ஊர் திரும்பும்போது மறுபடியும் பழையதற்கு மாற்றுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வெளியே போவதற்கு வருவோம்.

சாங்கி விமான நிலையத்தில் இலவச வைஃபை இருக்கிறது. வந்து சேர்ந்த செய்தியை அங்கேயே அனுப்பிவிடலாம். ஊருக்குள் நமக்குத் துணை, வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பெயரில் 2006ஆம் ஆண்டிலிருந்து அரசின் ஏற்பாட்டில் நடக்கும் இலவச வைஃபை. நூலகம், சமூக மன்றம், மருத்துவமனை, பெருவிரைவு ரயில் நிலையம், பல உணவங்காடி நிலையங்கள், கடைத்தொகுதிகள் எனப் பொதுமக்கள் கூடும் இடங்களில் கிடைக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வீட்டு வைஃபை எங்கள் தளத்தின் மின்தூக்கிக் கதவு வரை வருகிறது. கதவு மூடியதும் அறுந்துவிடுகிறது. எதையாவது அனுப்ப மறந்திருந்தால் அந்த மின்தூக்கிக்கு முன்னால் நின்று அனுப்பிவிட்டு ஏறுவேன். அண்டை வீட்டுச் சீனப் பாட்டி, நான் யாருக்காகவோ காத்திருக்கிறேன் என்று நினைத்து மின்தூக்கியைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்பார்.

பொது வைஃபையில் பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஒன் பொங்கோல் கட்டடத்தில் உள்ள வட்டார நூலகத்தில் எனக்கு அது நேர்ந்தது. கைப்பேசியின் மேல்பகுதியில் வைஃபை குறி தெரிகிறது. வயர்லெஸ்@எஸ்ஜி இணைந்துவிட்டதாகச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் ‘நூலகத்தில் இருக்கிறேன்’ என்று எழுதி அனுப்பினால், செய்திக்குப் பக்கத்தில் சிறிய கடிகாரக் குறி மட்டும் அசையாமல் நிற்கிறது. அணைத்துப் போட்டேன், அதே கடிகாரம். அங்கே மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லித்தர மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போட்ட ஓர் இளம் பெண் வந்து, கைப்பேசியை வாங்காமல் என் கையில் இருக்கும்படியே விட்டுவிட்டு, திரையை மேலிருந்து கீழே இழுக்கச் சொன்னாள். அங்கே ‘வலையில் உள்நுழைக’ என்ற அறிவிப்பு காத்துக்கிடந்தது. தட்டியதும் ஒரு பக்கம் திறந்தது. கைப்பேசி எண் கேட்டது. நாட்டுக் குறியீட்டை 91 என்று மாற்றி எண்ணைக் கொடுத்தேன். ஓடிபி வந்தது. போட்டேன். வாட்ஸ்அப்புக்குத் திரும்பியபோது கடிகாரம் போய், டிக் விழுந்திருந்தது.

விஷயம் இதுதான். இத்தகைய வைஃபை இரண்டு படிகளாக உள்ளே விடுகிறது. முதலில் கைப்பேசி வலையோடு இணைகிறது. பிறகு நாம் யார் என்று சொன்னால்தான் இணையம் திறக்கிறது. அந்த இரண்டாம் படி உலாவியில் திறக்கும் பக்கத்தில் நடக்கும் வேலை. வாட்ஸ்அப்புக்குள் உட்கார்ந்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது அந்தப் பக்கத்தைக் காட்டாது. அறிவிப்பு வரவில்லை என்றால் உலாவியைத் திறந்து ஏதாவது ஓர் இணையதளத்துக்குப் போய்ப் பாருங்கள். பல சமயம் அந்தப் பக்கம் குறுக்கே வந்து நிற்கும். அதுவும் வரவில்லையா? வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி ‘மறந்துவிடு’ என்பதைத் தேர்ந்து, புதிதாக இணையுங்கள். பிள்ளைகள் யாராவது விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி) போட்டு வைத்திருந்தால் அதையும் சற்று நேரம் அணைக்க வேண்டியிருக்கும்.

உள்ளூர் சிம் வைத்திருப்பவர்களுக்கு வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்ற இன்னொரு வலை இருக்கிறது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்துத் தெரியும். இது சிம்மைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டு, பக்கம் எதுவும் காட்டாமல் உள்ளே விட்டுவிடும். நம் கைப்பேசிக்கும் வைஃபைக்கும் இடையில் போவதும், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டே போகும். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் அடுத்த இடத்தில் தானாக இணைந்துகொள்ளும். மாப்பிள்ளை எனக்கு அமைத்துக் கொடுத்தது இதைத்தான். டேட்டா போட்டுத் தர முடியாத ஏக்கத்தை அவர் இதில் தீர்த்துக்கொண்டார்.

பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வடகிழக்குப் பாதையில் ஒரே ரயில், மாறவே வேண்டாம். பாதை முழுவதும் நிலத்தடியில். நிலையத்தில் வைஃபை உண்டு, சுரங்கத்தில் கிடையாது. சிராங்கூனிலும் பூன் கெங்கிலும் கதவு திறந்து மூடுவதற்குள் கைப்பேசி வலையைப் பிடித்து, செய்தியை வாங்கி, பதிலை அனுப்பும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கழுத்துதான் வலிக்கும். பொங்கோல் நடைமேடையில் நின்று அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு ஏற வேண்டும்; அடுத்து லிட்டில் இந்தியாவில் இறங்கிய பின்தான் பேச்சு.

பத்தியச் சமையலுக்குப் பூண்டும் சுண்டைக்காய் வற்றலும் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமான்களும் வாங்க லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போகும்போது மகள் பட்டியல் அனுப்புவாள். நான் கிளம்பிய பிறகும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும் அவளுக்கு. வெற்றிலை. பிறகு நாட்டுக்கோழி முட்டை. பிறகு குழந்தையின் தொட்டிலுக்குப் பருத்திப் புடவை. நான் சுரங்கத்தில் இருக்கும்போது இவை எல்லாம் எங்கோ காத்துக்கிடக்கும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: நான் ரயில் ஏறுகிறேன் என்று எழுதியதும் பட்டியல் முடிந்தது. அதன்பின் நினைவுக்கு வருவது அடுத்த வாரத்துக்கு. அவள் முணுமுணுத்தாள்; இப்போது பட்டியலை முதல் நாள் இரவே எழுதிவிடுகிறாள். ஏற்கெனவே வந்து சேர்ந்த செய்தியை இணையம் இல்லாமலும் திறந்து படிக்கலாம் என்பது சிலருக்குத் தெரிவதில்லை. பட்டியலுக்கு நட்சத்திரக் குறி போட்டு வைத்தால், வாழைப்பழக் கடை முன்னால் நின்று நூறு செய்திகளைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். படமாக அனுப்பியிருந்தால் மட்டும், வீட்டிலேயே ஒருமுறை திறந்து அது முழுதாக இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கைப்பேசியோடு பெரிய தகராறு எதுவும் இல்லை. சொந்தபந்தங்களைப் பழக்குவதுதான் பெரும்பாடு.

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு டிக் சாஸ்திரத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒற்றை டிக் என்றால் நான் கைப்பேசியை அணைத்துவிட்டேன். இரட்டை டிக் விழுந்தும் பதில் இல்லை என்றால் நான் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறேன். ஒற்றை டிக் என்பது, செய்தி அவள் கைப்பேசியை விட்டுக் கிளம்பி வாட்ஸ்அப்பின் கிடங்குக்குப் போய்விட்டது, என்னிடம் இன்னும் வரவில்லை என்பதுதான். நான் வைஃபை உள்ள இடத்துக்கு வந்ததும் தானாக வந்துவிடும். 30 நாள் வரை அது கிடங்கில் காத்திருக்கும். இதை அவளுக்கு விளக்கி முடித்த நேரத்தில் இன்னொரு கூத்து. வீட்டில் கிடந்த மாப்பிள்ளையின் பழைய டேப்லட்டில் என் வாட்ஸ்அப்பை இணைத்திருந்தோம். நான்கு கருவிகள் வரை இப்படி இணைக்கலாம். 2021க்குப் பிறகு இதற்குக் கைப்பேசி இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரிய எழுத்தில் படிக்க வசதி. ஆனால் நான் தேக்காவில் இருக்கும்போது அக்கா அனுப்பியது, வீட்டு வைஃபையில் கிடக்கும் டேப்லட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இணைத்த கருவிகளில் எதில் வந்து சேர்ந்தாலும் இரட்டை டிக் விழும். அக்கா கும்பகோணத்தில் இரட்டை டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், என் கையில் இருக்கும் கைப்பேசியோ ஒன்றும் அறியாது. அவள் கோபத்துக்கு இம்முறை ஓரளவு நியாயம் இருந்தது. ஆகவே, டேப்லட்டை இணைப்பவர்கள் இதை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 14 நாளுக்கு மேல் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறக்காமலே இருந்தால், இணைத்த கருவிகள் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

என் தம்பி வேறு ரகம். அவன் எழுதுவது எப்போதும் பாதிச் செய்தி. ‘அக்கா’ என்று ஒன்று. பதில் வந்தால் ‘இருக்கிறாயா?’ அதற்கும் பதில் வந்த பிறகுதான் விஷயம். டேட்டா உள்ளவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. எனக்கு ஒரு நாள் வேலை. ஒருநாள் நான் செங்காங்கில் வேல்முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறேன். கதவைத் திறந்ததும் கைப்பேசி அதிர்கிறது. ‘அக்கா, உடனே பேசு.’ அவ்வளவுதான். அனுப்பியது மூன்று மணி நேரத்துக்கு முன்னால். ஊரில் தனியாக இருக்கும் என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. செருப்பைக்கூடக் கழற்றாமல் அழைத்தேன். தென்னந்தோப்புக்கு வேலி போடுகிறவர் முன்பணம் ஐயாயிரம் கேட்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்கத்தான் அந்த ‘உடனே’.

அன்றைக்கே குடும்பக் குழுவில் ஒரு விதிமுறை எழுதிப் போட்டேன். பழைய தலைமையாசிரியை எழுந்துவிட்டாள். எனக்கு எழுதும் ஒவ்வொரு செய்தியிலும் மூன்று இருக்க வேண்டும்: என்ன விஷயம், எப்போதைக்குள் பதில் வேண்டும், அதற்குள் என் பதில் வராவிட்டால் நீங்களே என்ன செய்யப்போகிறீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். ‘அக்கா, வேலிக்காரர் 5,000 முன்பணம் கேட்கிறார். நாளைக் காலைக்குள் உன் பதில் வராவிட்டால் கொடுத்துவிடுகிறேன்’ என்று தம்பி எழுதினால், நான் எந்தச் சுரங்கத்தில் இருந்தாலும் வேலி நின்றுவிடாது. அவன் இப்போது அப்படித்தான் எழுதுகிறான். சொல்லப்போனால் முன்பைவிடக் குறைவாகவே எழுதுகிறான். மூன்றாவதை யோசிக்கும்போதே அவனுக்குப் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடுகிறது போலும்.

உண்மையிலேயே அவசரம் என்றால் வாட்ஸ்அப் பக்கமே வரக்கூடாது. என் சிங்கப்பூர் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு. வெளிநாட்டு அழைப்புக்குக் காசு அதிகம் என்றால் மிஸ்டு கால் போதும். அது டேட்டா இல்லாமல் சுரங்கத்திலும் மணியடிக்கும். பார்த்ததும் அடுத்த நிலையத்தில் இறங்கி வைஃபையில் நான் பேசிவிடுவேன். இதற்கு ஊரில் இருப்பவரின் எண்ணில் வெளிநாட்டு அழைப்பு வசதி திறந்திருக்க வேண்டும். நம் பக்கமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மோசடி அழைப்புகளுக்குப் பயந்து இங்கே பலர் வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் வசதியைப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல வசதிதான், ஆனால் அதைப் போட்டால் தம்பியின் மிஸ்டு காலும் வந்து சேராது. இங்கேயே அவசரம் என்றால் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. இவற்றுக்கும் டேட்டா தேவையில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கும் இங்கேயும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இரவு எட்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பேசுவேன். ஊரில் அப்போது மாலை ஐந்தரை, கணவர் காபி குடித்து முடித்திருப்பார். வெளியே நூலக வைஃபையிலும் பேசலாம், ஆனால் நூலகத்தில் நம் குரலில் பேச முடியாது. குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் தானாக இறங்காதபடி செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நூலக வாசலில் வைஃபை கிடைத்ததும் ரோஜாப்பூக்கள் முண்டியடித்துக்கொண்டு வரும், நமக்கு வேண்டிய ஒரு வரி கடைசியில் வரும். நேரலை இருப்பிடம் என்று ஒன்றை மகள் போடச் சொன்னாள், நான் எங்கே போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்க. இணையம் இல்லாத இடத்தில் அது கடைசியாக அறிந்த இடத்தோடு நின்றுவிடும். பார்ப்பவருக்கு நான் ஒரு ரயில் நிலையத்தில் அரை மணியாக அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அதற்குப் பதில், இறங்கும் இடத்தில் ஒரு வரி எழுதுவதே மேல். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், டேட்டா இல்லாமலே ஜிபிஎஸ் வழி காட்டும்.

பொது வைஃபையில் பேசினால் யாராவது படித்துவிடுவார்களா என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப் செய்திகள் 2016லிருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மறையாக்கப்பட்டே போகின்றன; வைஃபையை நடத்துபவரால் அவற்றைப் படிக்க முடியாது. ஆபத்து வேறு பக்கம். வைஃபை தருகிறேன் என்று திறக்கும் பக்கம் கடன் அட்டை எண்ணையோ வங்கிக் கடவுச்சொல்லையோ கேட்டால், அது நமக்கான வைஃபை அல்ல. மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வைஃபைக்கு வரும் ஓடிபியும் வாட்ஸ்அப் பதிவுக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் வேறு வேறு. குறுஞ்செய்தியின் முதல் வரியைப் படித்த பிறகே எண்ணைத் தொடுங்கள். சந்தேகமான செய்தியோ அழைப்போ வந்தால் 1799 என்ற உதவி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எல்லோரும் என்னைப்போல இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இதய நோயோ அடிக்கடி மயக்கமோ உள்ளவர்கள், வழி தெரியாத இடங்களுக்குத் தனியாகப் போகிறவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே திரிகிறவர்கள் டேட்டா வாங்கிக்கொள்வதே நல்லது. நானும் மகளுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்றிருந்த நாள்களில் மாப்பிள்ளை சொன்னபடி ஒரு தொகுப்பு போட்டுக்கொண்டேன். மருத்துவமனையில் பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்து, ஊரில் தூங்காமல் இருந்தவருக்குப் பேரன் பிறந்த செய்தியைச் சொன்னது அந்த டேட்டாவில்தான். வீட்டுக்கு வந்ததும் அணைத்துவிட்டேன். “இன்னும் நிறைய மீதி இருக்கிறதே அத்தை” என்று மாப்பிள்ளைக்கு மனம் பொறுக்கவில்லை. ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். அவரே படம் பார்த்துத் தீர்த்தார்.